இரண்டு அணிக்கு ஒரு கீப்பர் பை

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். கிழக்குக் கோல்கம்பத்தின் பின்னால் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் சட்டை. நெஞ்சுக்காப்புக்கு மேல் போடுவதற்காகத் தைத்த கோல்கீப்பர் சட்டை அது. உள்ளே காப்பு இல்லாததால் முத்துச்செல்வியின் தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கியது. இன்னும் இருபது நிமிடத்தில் அவள் கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் ஹாக்கி இறுதிப் போட்டியில் கோலில் நிற்க வேண்டும். தலைக்கவசமோ கால்காப்போ கையுறையோ அவளிடம் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில், அவற்றை மாட்டிக்கொண்டு எங்கள் ஆண்கள் அணியின் கீப்பர் மாரியப்பன் அரையிறுதி ஆடிக்கொண்டிருந்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். அழைத்தது இசக்கிமுத்து. நான் ஓய்வுபெற்ற கல்லூரியில் இன்று அவன்தான் உடற்கல்வி இயக்குநர். அன்றைய அரையிறுதியில் ஆண்கள் அணியின் தலைவன். பழக்கத்தில் அவன் என்றே எழுதுகிறேன்.

"மேடம், காலேஜ்ல லக்ராஸ் ஆரம்பிக்கச் சொல்லுதாங்க. ஆம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு டீம், பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு டீம்."

"அது என்ன ஆட்டம்ப்பா?"

"மட்டை நுனியிலே வலை கட்டியிருக்கும். பந்தை அதுல ஏந்திக்கிட்டு ஓடணும், எறியணும். அமெரிக்காவுல யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி ரெண்டு டீமும் வச்சிருக்கான். வாய்க்கால்ல மீன் அள்ளுத வலைன்னு நம்ம பயலுவ சொல்லுதானுவ."

சாமான் பட்டியலை வாசித்தான். ஆண்கள் ஆட்டத்தில் இடித்து ஆடலாம் என்பதால் எல்லோருக்கும் தலைக்கவசம், தோள்காப்பு, கைக்காப்பு. பெண்கள் ஆட்டத்தில் இடிக்கக் கூடாது, அதனால் கண்ணுக்குக் கம்பி வைத்த காப்பும் பல்லுக்கு ஒரு காப்பும் போதும். இரண்டு பட்டியலும் ஒன்றுபோல் இருந்த ஒரே இடம் கோல்கீப்பர். முழு உடுப்பு.

"பிரின்சிபால் அந்த வரியிலே கோடு போட்டிருக்காரு மேடம். கீப்பர் உடுப்பு ஒண்ணுபோலத்தானே இருக்கு, ரெண்டு டீமுக்கும் ஒரு செட் போதாதாங்காரு."

"நீ என்ன சொன்னே?"

"நான் சொன்னா, தோத்துப்போனவன் பழங்கதை பேசுதாம்பாவ. நீங்க எழுதிக் குடுங்க. நீங்கதான் பேப்பர்காரியாச்சே."

பேப்பர்காரி என்று மாணவர்கள் என்னைச் சொல்வதுண்டு. பல ஆண்டுகள் மாலை வேளைகளில் ஒரு நாளிதழுக்கு இந்தப் பகுதி விளையாட்டுச் செய்திகளை அனுப்பினேன். மணியைச் சொல், இடத்தைச் சொல், முதலில் கண்டதைச் சொல், அபிப்பிராயத்தை நீ வைத்துக்கொள் என்பது அங்கே கிடைத்த பாடம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடற்கல்விக் கல்லூரியில் எல்லா ஆட்டமும் கொஞ்சம் கொஞ்சம் கற்றேன், ஒரு பள்ளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன், பிறகு பாளையங்கோட்டையில் இந்தக் கல்லூரி. பெண்கள் அணிகள் என் பொறுப்பு. எனக்கு மேலே இயக்குநர் ஞானமுத்து சார்.

ஞானமுத்து சார் மைதானத்தில் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் கூடக்கூடக் குரல் இறங்கும். பையன்கள் அவர் கத்துவாரோ என்று பயந்ததில்லை, பேசாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒன்றைப் பார்த்தேன். பயிற்சி ஆட்டம். கீப்பர் வரவில்லை. "சும்மா அஞ்சு நிமிசம்" என்று ஒரு பையன் தலைக்கவசம் இல்லாமல் கோலில் நின்றான். எதிரில் இருந்தவன் அடித்த பந்து மட்டையில் பட்டு எகிறியது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம். ஞானமுத்து சார் மண்ணில் மண்டியிட்டு அவனுடைய இரண்டு பற்களைத் தேடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் இரண்டு அணிகளையும் வரிசையில் நிறுத்தி, எனக்கே கேட்காத குரலில் சொன்னார்: "உடுப்பு இல்லாம கோல்லே ஆளு நிக்கப்படாது. அஞ்சு நிமிசமும் கிடையாது."

அதன் பிறகு கீப்பருக்கு உடுப்பு மாட்டுவதை அவரே செய்தார். கீப்பர் முன்னால் தையல்காரர்போலக் குத்தவைத்து உட்காருவார். முதலில் பூட்ஸின் மேல் கிக்கர் என்ற பாதக்காப்பு, அதன் மேல் கால்காப்பு. பிறகு இடுப்பு, நெஞ்சு, முழங்கை. அதற்கு மேல் சட்டை. கழுத்துப்பட்டை. தலைக்கவசம். கையுறை கடைசியில், ஏனென்றால் கையுறை போட்ட கீப்பரால் வேறு எதையும் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்ப்பார். மூன்றாவது விரல் நுழைந்தால் அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். எல்லாம் முடிந்தபின் விரல்முட்டியால் தலைக்கவசத்தில் தட்டிக் கேட்பார்: "கேக்குதா?" "கேக்குது சார்" என்றால் போகலாம். அவர் கைக்கே இது ஏழெட்டு நிமிட வேலை.

இந்த உடுப்பு கல்லூரியில் ஒன்றே ஒன்று இருந்தது. ஆண்கள் போட்டியும் பெண்கள் போட்டியும் வேறு வேறு மாதங்களில் நடந்ததால் யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. பயிற்சியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மாரியப்பன் சேரன்மகாதேவியிலிருந்து வர வேண்டும், காலை பஸ் பெரும்பாலும் தாமதம். அவன் வரும்வரை முத்துச்செல்வி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆண்கள் அணிக்குக் கோலில் நிற்பாள். கோலை நோக்கி நேராக அடிக்கக் கிடைக்கும் பெனால்டி கார்னரை இசக்கிமுத்து அடித்துப் பழகியது பெரும்பாலும் அவளை எதிரே வைத்துத்தான்.

முத்துச்செல்வி ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை. அவள் அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். அவளுக்கு இடது கைப் பழக்கம். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. வலது கைக்காரர்களுக்கு மட்டும்தான் செய்கிறார்கள். முதலாண்டில் களத்தில் அவள் தடுமாறியதைப் பார்த்துவிட்டு ஞானமுத்து சார் சொன்னார்: "கீப்பருக்கு மட்டை வலது கையிலே. பந்தைத் தடுக்கது இடது கை. அந்தப் பிள்ளையைக் கோலுக்கு மாத்துங்க மேடம்." மாற்றினேன். மூன்றாவது ஆண்டில் எங்கள் பகுதியில் அவளைவிட வேகமான இடது கை எந்தக் கோலிலும் இல்லை.

அது அவளுக்குக் கடைசி ஆண்டு. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் அந்தச் சான்றிதழை வைத்து உடற்கல்விப் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கலாம். இல்லையென்றால் படிப்பு இதோடு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பெண்கள் அணித் தேர்வு இறுதிப் போட்டி முடிந்த கையோடு மைதானத்திலேயே. தேர்வாளர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆண்டுதான் ஆண்கள், பெண்கள் போட்டிகளை முதன்முறையாக ஒன்றாக வைத்தார்கள். இடம், ஆற்றங்கரையில் ஒரு கல்லூரி. வாய்க்காலுக்கு இந்தப்புறம் ஒரு மைதானம், அந்தப்புறம் ஒன்று, நடுவில் கல்பாலம், சுற்றிலும் வாழை. அட்டவணைப்படி ஆண்கள் அரையிறுதி காலையில் முடிந்திருக்க வேண்டும். விடிகாலை மழையில் மைதானத்தில் தண்ணீர் நின்றுபோய், அது பிற்பகலுக்குத் தள்ளிப்போனது.

நான் மகளிர் நடுவரிடம் போனேன். தூத்துக்குடிக்காரர், கண்டிப்பானவர்.

"நாலு மணிக்கு விசில் அடிச்சிருவேன் மேடம். மேக்க பாத்தியளா, எப்படிக் கருத்துட்டு வருதுன்னு. இங்கன லைட்டும் கிடையாது."

"கீப்பர் உடுப்பு அந்த மைதானத்துல இருக்கு. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"கீப்பர் இல்லாம பதினோரு பேரையும் பீல்டுல இறக்கலாம், விதி இருக்கு. உடுப்பு வந்ததும் மாத்திக்கிடுங்க."

விதி இருந்தது. எதிரணியில் பெனால்டி கார்னரை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அடிக்கும் ஒரு பெண்ணும் இருந்தாள். கீப்பர் இல்லாத கோலில் அந்தப் பந்துக்கு முன்னால் என் தடுப்பாட்டக்காரிகள் வெறும் முகத்தோடு நிற்க வேண்டும்.

கல்பாலத்தைத் தாண்டி ஓடினேன். நான் போய்ச் சேரவும் ஆட்டம் முடிந்த விசில். இரண்டுக்கு இரண்டு. சமன். அடுத்தது ஷூட் அவுட்: அணிக்கு ஐந்து பேர் ஒவ்வொருவராகத் தூரத்திலிருந்து பந்தை ஓட்டி வந்து, கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு கோல் அடிக்க வேண்டும். இரண்டு அணிகளும் மாறி மாறி அடிக்கும். அது முடிந்து, உடுப்பைக் கழற்றி, கொண்டுபோய், மாட்டுவதற்குள் அங்கே ஆட்டத்தில் கால்வாசி போய்விடும்.

ஞானமுத்து சாரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"எதிர் டீம்ல தூக்கி அடிக்க பிள்ளை உண்டுமா?"

"உண்டு சார்."

அவர் எதிரணிப் பயிற்சியாளரிடம் நடந்தார். பால்துரை, கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசி ஆளைக் கவிழ்க்கிறவர். அதற்குள் விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"என்ன அண்ணாச்சி, தோக்கதுக்கு முன்னாலயே உடுப்பைக் கழட்டப் போறியளாமே?"

"தம்பி, ஷூட் அவுட்ல ஒரு நேரத்துக்குக் கோல்லே எத்தனை கீப்பர் நிப்பான்?"

"ஒருத்தன்."

"அப்ப ஒரு உடுப்பு போதும். எங்க அஞ்சு பேரும் முதல்ல வரிசையா அடிச்சிருதோம். உங்க பையன் கோல்லே நிக்கட்டும். பொறவு அவன் உடுப்பை எங்க பையனுக்குக் குடுங்க. உங்க அஞ்சுக்கும் அதைப் போட்டுக்கிட்டு இவன் நிப்பான்."

பால்துரை சிரித்தார். "உங்க பொம்பளப் பிள்ளைகளுக்கு உடுப்பு இல்லேன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். நீங்க ரெண்டாவது அடிங்க."

பால்துரையின் சிரிப்பு நின்றது. இரண்டாவதாக அடிப்பவனுக்கு எத்தனை கோல் தேவை என்று தெரிந்திருக்கும். முதலில் அடிப்பவன் இருட்டில் அடிக்கிறான். "தெரிஞ்சுதான் சொல்லுதியளா அண்ணாச்சி?"

"தெரிஞ்சுதான்."

அந்த ஆட்டத்து நடுவர் தலையைச் சொறிந்தார். "விதி மாறி மாறித்தான் சார். ரெண்டு கேப்டனும் என் முன்னால சரின்னு சொன்னா விடுதேன். ஒருத்தன் மாட்டேன்னாலும் முடியாது."

அவர்கள் தலைவன் பால்துரையைப் பார்த்துவிட்டு உடனே தலையாட்டினான். மிச்சம் இசக்கிமுத்து. அவன் ஆட்டம் முடிந்த வியர்வையோடு மட்டையை மண்ணில் ஊன்றி நின்றான்.

"சார், எங்களுக்கும் இது கடைசி வருசம்."

"ஆமா," என்றார் ஞானமுத்து சார்.

"நாளைக்கு பைனல் ஆடுனாத்தான் எங்க பேரையும் செலக்சன்ல பாப்பாவ."

"ஆமா."

அவர் ஆணையிட்டிருந்தால் அவன் பணிந்திருப்பான், அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் குனிந்து தரையில் கிடந்த பந்து ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் பக்கமிருந்து அஸர் பாங்கு கேட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அப்போது சர்ரென்று பட்டை பிரியும் சத்தம். மாரியப்பன் கோல்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து கையுறையை வாயால் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்னலே செய்யுதே?" என்றான் இசக்கிமுத்து.

"கழட்டுதேன். எப்படியும் நீ தலையாட்டத்தான் போறே. அதுக்குள்ள ரெண்டு பட்டையாவது அவுந்திரும்லா."

"எனக்கே தெரியாததை உனக்கு எவன்லே சொன்னான்?"

"நீ கார்னர் அடிச்சுப் படிச்சது ஆருகிட்டலே? எங்கிட்டயா? நான் பஸ்ஸுலல்லா இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். இசக்கிமுத்து சிரிக்கவில்லை. நடுவரைப் பார்த்து, "சரி சார்" என்றான். பிறகு திரும்பி முதல் ஐந்து பேரைக் கூப்பிட்டான்.

ஞானமுத்து சார் மாரியப்பன் முன்னால் குத்தவைத்தார். மேலிருந்து கீழாக அவர் கழற்றக் கழற்ற நான் பையில் அடுக்கினேன். என் அணியிலிருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்திருந்தார்கள். ஒருத்தி கால்காப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். தலைக்கவசம் என் கையில். உள்ளே வியர்வை சூடாக இருந்தது. கல்பாலத்தில் ஏறும்போது பின்னால் முதல் ஆள் ஓடத் தொடங்கிய விசில் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துச்செல்வி சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். உடுப்பு மாட்டும் வேலையை நான் அதுவரை தனியாகச் செய்ததில்லை. கிக்கர். கால்காப்பு. இரண்டு விரல். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து எங்கள் பையன்களின் கூச்சல் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் கூச்சல்.

"மேடம், நம்ம பயலுவ எத்தனை போட்டுட்டானுவ?"

"காலை நேரா வை."

"மூணுன்னு நெனைக்கேன்."

"பேசாம நில்லுட்டீ."

நெஞ்சுக்காப்பு அவளுக்கு ஒரு அளவு பெரியது, எப்போதும்போல. பட்டையைக் குறுக்காக இழுத்துக் கட்டினேன். மூன்றாவது விரல் நுழைந்தது. அவிழ்த்தேன். நடுவர் மைதானத்தின் நடுவில் நின்று மேற்கே பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம்" என்றார். நான் மறுபடியும் கட்டினேன். இப்போது இரண்டு விரல். சட்டை, கழுத்துப்பட்டை, தலைக்கவசம், வலது கையுறை, இடது கையுறை. விரல்முட்டியால் தட்டினேன்.

"கேக்குதா?"

"கேக்குது மேடம்."

அவள் கோலுக்குப் போய்த் திரும்பி நிற்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. மஞ்சள் சட்டை இப்போது இறுக்கமாக நின்றது.

முதல் பகுதி முடிவதற்குள் எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. நான் பயந்த பெண்தான் அடித்தாள். பந்து எழும்பி, இடதுபுறக் கம்பத்தருகே நின்ற எங்கள் பெண்ணின் முகத்தை நோக்கி வந்தது. முத்துச்செல்வியின் இடது கை குறுக்கே போனது. பந்து கையுறையில் பட்டு வாழைத்தோட்டத்துக்குள் விழுந்தது. கம்பத்தருகே நின்றவள் கண்ணைத் திறக்கச் சற்று நேரமானது. நாற்காலியில் சாய்ந்திருந்த தேர்வாளர் ஒருவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதே நேரத்தில்தான் வாய்க்காலுக்கு அந்தப்புறம் பெரிய கூச்சல் எழுந்தது. எங்கள் கல்லூரிப் பெயர் அதில் இல்லை.

என்ன நடந்தது என்பது பிறகு கேட்டது. எங்களுக்கு மூன்று கோல். அவர்கள் கீப்பர் நெட்டையன். அவன் கால்காப்பு மாரியப்பனுக்குத் தொடைவரை வந்தது, பட்டையும் வேறு மாதிரி. ஞானமுத்து சார் அதையும் இரண்டு விரல் விட்டுத்தான் கட்டினார். மாரியப்பன் ஒன்றைத் தடுத்தான். கடைசி ஆள் வரும்போது மூன்றுக்கு மூன்று. அவனுக்கு ஒன்று போதும் என்று தெரிந்திருந்தது. அவசரப்படாமல் வலதுபுறம் போக்குக் காட்டினான். மாரியப்பன் காலை மடக்க முயன்றான், நீளமான காப்பு மடங்கவில்லை. நாலுக்கு மூன்று.

எங்கள் ஆட்டம் கடைசிப் பகுதிவரை கோல் இல்லாமல் போனது. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் எங்கள் தடுப்பாட்டக்காரியின் மட்டையிலேயே பட்டுத் திசைமாறிய பந்து முத்துச்செல்வியின் வலது பக்கம் உள்ளே போனது. ஒன்றுக்குச் சுழி. தோற்றோம். தூறல் விழத் தொடங்கியது. தேர்வாளர்கள் மருதமரத்தடிக்கு நாற்காலியை நகர்த்தினார்கள். பதினெட்டுப் பெயர், கீப்பர்கள் முதலில். ஜெயித்த அணியின் கீப்பர் பெயரை வாசித்தார்கள். அடுத்த பெயர் முத்துச்செல்வி. அவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வாசித்தார்கள்.

நான் கல்பாலத்துக்குப் போனபோது பையன்கள் மழையில் நனைந்தபடி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிமுத்து என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"பேர் வந்துட்டா மேடம்?"

"வந்துட்டு. ரெண்டாவது கீப்பர்."

"ரெண்டாவதுன்னா நல்லதுதான்," என்றான் மாரியப்பன். "இன்னைக்கு ரெண்டாவது அடிச்சவன்தானே ஜெயிச்சான்."

இசக்கிமுத்து அவன் பிடரியில் ஒன்று போட்டான். பிறகு இருவரும் எழுந்து வேன் பக்கம் போனார்கள். அந்த ஆண்டு ஆண்கள் அணித் தேர்வில் எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் பெயரும் வரவில்லை.

ஞானமுத்து சார் வேனுக்குள் இருந்தார். நான் கொண்டுவந்த பையைத் திறந்து ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தார். "ஹெல்மெட் ஈரமா இருக்கு. நாளைக்கு வெயில்ல போடணும்" என்றார். இந்த ஷூட் அவுட்டைப் பற்றி ஓய்வுபெறும்வரை அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆண்டுக் கொள்முதலில் இரண்டாவது கீப்பர் உடுப்பு கேட்டிருந்தார். போட்டிகள் மறுபடியும் தனித்தனியாக நடக்கும் என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் பல்கலைக்கழக மகளிர் அணி தென்மண்டலப் போட்டிக்குப் புறப்பட்டது. ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். முத்துச்செல்வியின் அப்பா அம்மாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார்கள். அவள் புதுச் சட்டையில் எண்ணைக் காட்டினாள். பயிற்சியாளர் சாமான்களை எண்ணி ரயிலில் ஏற்றினார். மட்டைப் பைகள், பந்துப் பெட்டி, தண்ணீர்க் கேன்கள், முதலுதவிப் பெட்டி. கீப்பர்கள் இரண்டு பேர். கீப்பர் பை ஒன்று.